பயமும் ஒரு காயமே

 



குறைஷ் சூராவை நாம் தொழுகையில் அடிக்கடி ஓதுகிறோம். அதன் முடிவில் அல்லாஹ் இரண்டு நிஃமத்துகளைச் சொல்லிக் காட்டுகிறான். ஒன்று, பசி தீர உணவு. மற்றொன்று, பயம் தீரப் பாதுகாப்பு. சோற்றின் அருமை நமக்குத் தெரியும். யாரும் வந்து கதவைத் தட்டமாட்டார்கள் என்று நம்பித் தூங்குவதன் அருமை, அதை இழந்தவருக்குத்தான் தெரியும்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் போஸ்ட்வில் என்றொரு சிற்றூர். 2008 மே 12 அன்று அங்குள்ள இறைச்சி ஆலையைக் குடியேற்ற அதிகாரிகள் சோதனையிட்டு 389 பேரைக் கைது செய்தார்கள். பெரும்பாலோர் குவாத்தமாலாவிலிருந்து பிழைப்புக்காக வந்தவர்கள். மிஞ்சிய குடும்பங்கள் பிள்ளைகளோடு தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தன.

பின்னாளில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அம்மாநிலத்தின் பிறப்புப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். சோதனைக்குப் பிந்திய 37 வாரங்களில், லத்தீன் அமெரிக்க வம்சாவளித் தாய்மார்களுக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் அபாயம், முந்தைய ஆண்டின் அதே காலத்தைவிட 24 சதவீதம் கூடியிருந்தது. வெள்ளையினத் தாய்மார்களிடம் இந்த உயர்வு இல்லை. கவனியுங்கள்: அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்களும் அந்தத் தாய்மார்களில் இருந்தார்கள். அவர்களை நாடு கடத்த முடியாது. ஆனாலும் பயம் கருவறை வரை போய்விட்டது!

2025 ஜனவரியில், பள்ளி, மருத்துவமனை, வழிபாட்டுத் தலங்களில் இத்தகைய கைதுகளைத் தவிர்க்கச் சொன்ன பழைய விதிமுறையையும் அந்நாட்டு அரசு நீக்கிவிட்டது. காய்ச்சல் கண்ட பிள்ளையை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்வதா வேண்டாமா என்று தவிக்கும் தாயின் மனம் என்ன பாடுபடும்?

ஒரு பயணத்தில் ஸஹாபாக்கள் சிலர் ஒரு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துக்கொண்டார்கள். தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதைத் தவிக்கவிட்டது யார் என்று விசாரித்து, குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். (அபூதாவூத்)

ஒரு நாட்டுக்கு எல்லையும் சட்டமும் உண்டு. அதை மார்க்கம் மறுக்கவில்லை. ஆனால் பறவையின் பதற்றத்தையே பொருட்படுத்திய நபியின் உம்மத்து நாம். மனிதத் தாயின் பதற்றத்தை வெறும் செய்தியாகக் கடந்து போகலாமா?

நம் கடையிலும் பட்டறையிலும் வெளியூர்க்காரர் வேலை செய்கிறார். அவருடைய அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, போலீஸில் சொல்லிவிடுவேன் என்று மிரட்டாதீர்கள். கூலியைக் கொடுப்பதுபோல நிம்மதியையும் கொடுங்கள்.

பயந்தோர் அனைவருக்கும் வல்ல ரஹ்மான் அபயம் அளிப்பானாக! பிரிந்த குடும்பங்களைச் சேர்த்து வைப்பானாக! நம்மால் எவரும் அஞ்சாத வாழ்வை நமக்குத் தருவானாக! ஆமீன்.