17 சேக்கல் நிலம்

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் பன்னிரண்டு மணிக்குக் கோவில் மணி அடித்து, வாழ்த்துச் சத்தமெல்லாம் ஓய்ந்ததும் எங்கள் சபையில் ஒரு தட்டு வரும். வாக்குத்தத்த வசனம் அச்சிட்ட அட்டைகள் அதில் குப்புறக் கிடக்கும். கண்ணை மூடி ஜெபித்துவிட்டு ஆளுக்கொன்று எடுப்போம். வசனம் சுமாராக வந்துவிட்டால், யாரும் பார்க்காத நேரத்தில் இன்னொன்று எடுப்பவர்களும் உண்டு. நானே எடுத்திருக்கிறேன். கிளி ஜோசியம் பாவம் என்று பிரசங்கம் கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாங்கள்.

ஒரு வருஷம் எனக்கு எரேமியா 29:11 வந்தது. தேவன் நமக்கு நல்லதையே நினைத்திருக்கிறார் என்று சொல்லும் அந்த வசனத்தைக் காலண்டர்களில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். படுக்கையில் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டே அம்மா அதை வாங்கிப் படித்தாள். "அப்பாவுக்குச் சொகமாயிரும்" என்றாள். மார்ச்சில் அப்பா போய்விட்டார். அட்டையைக் கிழிக்க மனம் வரவில்லை. வேதப்புத்தகத்துக்குள் செருகினேன். பல மாதம் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை.

திறந்த நாளில் கண்ணில் பட்டது முந்தின வசனம். எழுபது வருஷம் என்கிறது அது. கி.மு. 597இல் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதியனுப்பிய கடிதம் அந்த அதிகாரம். அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள் என்கிறார். அதைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பப் போவதில்லை. இதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்றொருவர் வருகிறார். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவர் தீர்க்கதரிசனம். அது பொய்த்தது. ஆனால் இரண்டு அட்டையும் ஒரே தட்டில் இருந்திருந்தால் எனக்கு அனனியாவின் அட்டைதான் வேண்டியிருந்திருக்கும்.

அப்படியே படித்துக்கொண்டு போனால் 32ஆம் அதிகாரத்தில் ஒரு கிரயம் நடக்கிறது. எருசலேமைப் பாபிலோன் படை முற்றுகையிட்டிருக்கிறது. நகரம் விழும் என்று சொன்னதற்காக எரேமியா காவலில் இருக்கிறார். அங்கே பெரிய தகப்பன் மகனோ சித்தப்பா மகனோ, அனாமெயேல் என்ற உறவுக்காரர் வந்து, ஆனதோத்திலுள்ள நிலத்தை வாங்கிக்கொள் என்கிறார். எதிரி கைக்குப் போகிற நிலத்தை யார் வாங்குவார்? எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார், சாட்சி வைக்கிறார், கிரயப்பத்திரத்தை மண்பாண்டத்தில் போட்டுப் பத்திரப்படுத்தச் சொல்கிறார். பின்னால் அவரை எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த நிலத்தில் அவர் ஒரு நாளாவது உழுததாக வேதத்தில் இல்லை.

இந்தக் கிரயத்தை ஜெர்மனியில் ஒரு கைதி நினைத்துப் பார்த்திருக்கிறார். ஹிட்லரை எதிர்த்த போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர். 1943 ஜனவரியில் மரியா என்ற பெண்ணோடு அவருக்கு நிச்சயம் ஆனது, ஏப்ரலில் கைதானார். அந்த ஆகஸ்டில் மரியாவுக்கு எழுதிய கடிதத்தில், தங்கள் கல்யாணத்தைப் பற்றிப் பேசும்போது எரேமியாவின் நிலத்தைச் சொல்கிறார். 1944 டிசம்பரில், புத்தாண்டை எதிர்நோக்கி ஒரு கவிதை எழுதி அவளுக்கு அனுப்பினார். 1945 ஏப்ரல் 9 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள். கல்யாணம் நடக்கவில்லை. அந்தக் கவிதையை ஜெர்மன் சபைகளில் வருஷக் கடைசியில் இன்றும் பாடுகிறார்கள்.

அப்பா போனதற்கு இதெல்லாம் பதிலா என்றால், இல்லை. அம்மாவிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். "அவங்களுக்கும் கஷ்டந்தான்" என்றாள், அவ்வளவுதான். ஆனால் என் கோபம் இடம் மாறியது. வாக்குத்தத்தத்தை நான் பன்னிரண்டு மாதத்துக்குள் கேட்டேன். அவர்களோ தங்கள் கைக்கு வராததற்கும் காசைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

இந்த வருஷமும் தட்டு வரும், நானும் எடுப்பேன். நீங்களும் எடுப்பீர்களென்றால் ஒரு வேண்டுகோள்: வீட்டுக்கு வந்ததும் அந்த அதிகாரத்தை முழுக்க வாசித்துவிடுங்கள். எரேமியா 29 வந்தால் பத்தாம் வசனத்தைப் படிக்காமல் தாண்டிப் போகாதீர்கள்.