பிறர் வினாவும் கிறித்தவர் விடையும்

ஒரு சமயத்தார் தம் கொள்கையைத் தம்முள் ஒருவர்க்கொருவர் எடுத்துரைக்குங்கால் அதன் வலிமை முற்றும் புலப்படுவதில்லை. கேட்போர் முன்னரே உடன்பட்டவராதலின் சொல்வோர்க்கு முயற்சி வேண்டாதாகின்றது. புறத்தே நிற்கும் ஒருவன் வந்து, 'இஃது யாங்ஙனம் பொருந்தும்?' என்று வினாவும்வழியே அச்சமயத்தின் தன்மையும், அதனைக் கைக்கொண்டாரது மனநிலையும் ஒருங்கே வெளிப்படும். தமிழ்நாட்டிற் சைவரும் கிறித்தவரும் நானூறு யாண்டுகட்கு மேலாக அயலவராய் வாழ்ந்து வருகின்றனர். நம்மவர் வினாவியனவும் அவர் விடுத்தனவும் ஒரு சிலவல்ல. அவற்றுட் சிலவற்றை எடுத்து, வினாவப்பட்டான் ஒருவன் வினாவினாற்குச் செய்யற்பாலது யாது என ஆராய்வதே ஈண்டு எமது கருத்து.

'கிறித்தவரை வினாவினால், நம்புக என்பதன்றி அவர்பால் வேறு விடையில்லை' என்று நம்மவருட் பலர் கூறக் கேட்டிருக்கின்றோம். இஃது அவர் நூல்களைப் பயின்றார் கூற்றன்று. பேதுருவின் பெயரால் வழங்கும் முதல் நிருபத்திலேயே, காரணம் வினாவுவார்க்கு அமைந்த நெஞ்சோடு விடை கூறுதல் கடப்பாடாக விதிக்கப்பட்டுள்ளது. அக்குவினா ஊர்த் தோமையார் (1225–1274) என்பார் யாத்த பெருநூலில் ஒவ்வோர் ஆராய்ச்சியும் மறுப்போர் கூற்றோடே தொடங்கும். அதன் பின்னரே அவர்தம் துணிபும், மறுப்புக்கு விடையும் வரும். நம் அருணந்தி சிவாசாரியரும் அந்நூற்றாண்டினரே. உலகாயதன் முதற் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினால்வர் கூற்றையும் அவரவர் வாயாற் சொல்லவிட்டுப் பின்னர் மறுக்கும் பரபக்க முறை நம் மாணவர்க்குப் புதிதன்று. ஒருவரையொருவர் அறியாத இருவர், கடல் கடந்த இரு நாடுகளில், ஏறத்தாழ ஒரு காலத்தே, பிறன் சொல்லை முதற்கண் வைத்தலே முறையெனக் கண்டனர்.

தோமையார் தமக்கென ஓர் எல்லையும் வகுத்துக்கொண்டார். தெய்வ உரையை ஒருவாற்றானும் உடன்படாதான் ஒருவனுக்கு அவ்வுரையால் வந்த பொருளை அளவையால் நிறுவுதல் இயலாது; அவன் காட்டும் தடைகளை நீக்குதலே செய்யத்தகுவது என்பது அவர் துணிபு. இதனைத் தோல்வியென்பார் உளர். யாம் நேர்மையென்போம். உலகிற்கு ஒரு கருத்தா உண்டென்பதனைச் சிவஞானபோதம் கருதலளவையான் நிறுவுகின்றது. ஆயின், அக்கருத்தாவே குருவடிவுகொண்டு எழுந்தருளி ஆன்மாவை ஆட்கொள்வான் என்பதனை, ஆகமத்தை உடன்படாதான் ஒருவனுக்குக் கருதலளவை ஒன்றானே நிறுவிவிட நம்மால் இயலுமோ? அவ்விடத்து நாமும் தடை நீக்குதலோடு அமைபவரே.

இனி, நூலளவில் நில்லாது நிகழ்ந்தவற்றை நோக்குவோம். 1542-ஆம் ஆண்டு நம் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிசு சவேரியார் பின்னர்ச் சப்பானியர் நாட்டிற்குச் சென்றார். ஆண்டுள்ளார் அவரை இரண்டு வினா வினவினர். கடவுள் அருளுடையராயின் இத்துணைக்காலம் எம்மவர்க்குத் தம்மை வெளிப்படுத்தாது இருந்தது என்னை? உம் சமயத்தைக் கேளாமலே இறந்த எம் முன்னோர் கதி யாது? முதல் வினாவிற்கு, நூல் வழியாக வருமுன்னரே நன்றும் தீதும் அறியும் அறிவை மக்கள் உள்ளத்து இறைவன் பொறித்துள்ளான் என்று அவர் விடை கூறினார். அவ்விடையில் ஒளியுண்டு. இரண்டாவதற்கோ, நரகிற் சென்றார்க்கு வேண்டுதலாலும் தானத்தாலும் மீட்சியில்லை என்றார். புதிதாகச் சமயம் புக்க அம்மக்கள் தாய்தந்தையரை நினைந்து அழுதனர் என்றும், அவர் அழுகை தமக்கும் வருத்தந் தந்தது என்றும் 1552-ஆம் ஆண்டுக் கடிதத்தில் அவரே எழுதியுள்ளார். தாம் கற்ற விடையும் தாம் கண்ட கண்ணீரும் பொருந்தாமை அவர்க்கே தெரிந்திருந்தது போலும்! மறையாது எழுதியமை பற்றி அவரை மதிக்கின்றோம்.

அவ்வினா அத்தோடு அவியவில்லை. 1964-ஆம் ஆண்டு உரோமாபுரியில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருச்சபை பற்றிய சாசனத்தில், தம் குற்றமின்றியே நற்செய்தியை அறியாது, மனச்சான்றின்வழி இறைவனை நேர்மையாகத் தேடி ஒழுகினார்க்கும் வீடுபேறு கூடும் என்று உரைக்கப்பட்டது. அதற்குக் காரணம் பல. எனினும், சப்பானியத் தாய்மார் அழுதுகொண்டு வினாவிய வினாவிற்கு நானூறு யாண்டு கழித்து வந்த விடையாக அதனை யாம் படிக்கின்றோம். வினாவினார் அதனைக் கேட்க இருந்திலர்.

நம் மதுரைக்கு வருவாம். 1606-ஆம் ஆண்டு இந்நகர் புக்க தத்துவ போதக சுவாமி என்னும் இராபர்ட் தெ நோபிலியார் காவியுடுத்து, புலால் நீத்து, தமிழும் வடமொழியும் பயின்று உபதேசித்தார். அவர் நூல்களுள் இரண்டின் பெயரே நம் பொருட்கு இயைபுடையது. ஒன்று தூஷணத் திக்காரம். மற்றொன்று புனர்ஜென்ம ஆட்சேபம். மக்கள் அவரை முதற்கண் வினாவியது திரியேகத்தையன்று, 'நீர் பறங்கியரோ?' என்பதே. அக்காலத்துப் பறங்கியெனப் போர்த்துக்கீசியரைக் குறித்தனர். அவரோடு கலந்தாரையும் அச்சொல்லால் இழித்தனர். தாம் பறங்கியரல்லர், உரோமாபுரியில் உயர்குடிப் பிறந்தவர் என்று அவர் எழுதி வெளியிட்டார். சொல் மெய்யே, அவர் இத்தாலியர். ஆயினும் கேட்டார் உள்ளத்தில் அவ்விடை விளைத்த பொருள், 'இம்மதமும் பறங்கியர் மதமும் வேறு' என்பதாகும். 1595 முதல் இம்மதுரையிலேயே பரதவர்க்குக் குருவாயிருந்த பெர்னாந்தசு பாதிரியார் போதித்ததும் அம்மதமேயன்றோ! சொல்லிற் பொய்யில்லாது பொருளிற் குறையுடைய விடை விடையாகுமோ என்பது ஆராயத்தக்கது. யாம் ஆகாதென்றே கொள்வேம். அவருடைய கோலத்தையும் நடையையும் அவர் சமயத்தாரே வினாவினர் என்பதும், 1619-இற் கோவையில் வழக்கு நிகழ்ந்து 1623-இற் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றிற்கு இசைவளித்தனர் என்பதும் அறியத்தகும். (ஈண்டுக் கோவை என்றது மேற்றிசைக் கோவா நகரை, கோயம்புத்தூரையன்று.)

புனர்ஜென்ம ஆட்சேபத்திற் கிளர்ந்த வழக்கு இன்றும் தீர்ந்திலது. உயிர் இப்பிறப்பிலேயே படைக்கப்பட்டதாயின், ஒருவன் குருடனாகவும் ஒருவன் கண்ணுடையனாகவும் பிறத்தற்கு இறைவனே காரணனாவான். அவனுக்குப் பட்சபாதம் வரும் என்று நாம் கூறுவோம். கிறித்தவர் இதற்குப் பல்வேறு விடை கூறுவர். அவற்றுட் பெரும்பாலன எமக்கு நிறைவளிப்பனவல்ல. குருடனது துன்பத்தை முன்னிட்டுப் பேசாது உலக ஒழுங்கை முன்னிட்டுப் பேசும் விடை, வினாவப்பட்ட பொருளை விட்டுப் பிறிதொன்றைப் பற்றுகின்றது. ஆயின் அவர் திருப்பி வினாவுவது ஒன்றுண்டு. செய்த குற்றத்தை நினைவில் இல்லாதவனுக்குத் தண்டம் யாங்ஙனம் திருந்துதற்கு ஏதுவாம்? இதனைப் 'பழைய பல்லவி' எனத் தள்ளிவிடுவார் நம்மிற் பலர். பழையதாயினும் வினா வினாவே. வினை தண்டமன்று, மலநீக்கத்திற்குரிய மருந்து. மருந்து தன்னை உண்டான் நோயின் காரணத்தை மறந்தான் என்று வேலை செய்யாதொழியாது என்பதே எம் ஆசிரியர் எமக்கு அறிவுறுத்த விடை. வினா இல்லையேல் இவ்விடையும் எமக்குக் கிடைத்திராது.

தரங்கம்பாடிக்கு 1706-ஆம் ஆண்டு வந்த சீகன்பால்கு ஐயர் செய்தது வேறு. அவரும் கிருண்டிலர் என்பாரும் 1712 முதற் சில யாண்டு தமிழறிஞர்க்கு வினாக்களை எழுதி விடுத்து விடை வாங்கினர். தமிழர் கிறித்தவ மதத்தை ஏலாமைக்குக் காரணம் யாது என்பதும் அவ்வினாக்களுள் ஒன்று. வந்த விடைகளில், ஆவினூன் உண்டல், கட்குடித்தல், தூய்மையின்மை, சொல்லும் செயலும் மாறுபடுதல் என ஐரோப்பியர் ஒழுக்கத்தின்மேற் குற்றங்கள் நிரல்படக் கூறப்பட்டிருந்தன. அவற்றை அவர் மறைக்கலாம்; மறைத்திலர். செருமானிய மொழியிற் பெயர்த்துத் தம் நாட்டிற்கே அனுப்பினர். 1714-இலும் 1717-இலும் தொண்ணூற்றொன்பது கடிதங்கள் அச்சாயின. தம்மவர் மேற் பிறர் சொல்லிய பழியைத் தம்மவர்க்கே படித்துக் காட்டியது எளிய செயலன்று. அவ்வையர் 1713-இல் நம் தெய்வங்களைக் குறித்து எழுதிய நூலை அவர் தலைவர் அச்சிட மறுத்தனர். புறச்சமயத்தை ஒழிக்க விடுத்தவர் அதன் கதைகளை ஐரோப்பாவிற் பரப்புவதோ என்பது அவர் சினம். அந்நூல் 1867-இற் சென்னையில் வெளிவந்தது.

ஆப்பிரிக்காவில் நேத்தால் என்னும் நாட்டின் அத்தியட்சராயிருந்த கொலென்சோ என்பாரையும் ஈண்டு நினைக்கின்றோம். விவிலியத்துப் பெருவெள்ளக் கதையைச் சூலுமொழியிற் பெயர்க்குங்கால், உடனிருந்த சூலுவர் ஒருவர், 'இஃதெல்லாம் மெய்தானோ?' என்று கேட்டார். அத்தியட்சர் மழுப்பினாரல்லர். தாமே கணக்கிட்டு ஆராய்ந்து 1862 முதல் நூல் வெளியிட்டார். மறு ஆண்டே அவர் சபையார் அவரைக் குற்றவாளியெனத் தீர்த்தனர். மாணாக்கன் வினாவால் ஆசிரியன் பதவி ஆட்டங்கண்ட கதை இது.

யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்ததனை நம் வாசகர் நன்கறிவர். பீற்றர் பேர்சிவல் பாதிரியாரிடத்திருந்து விவிலிய மொழிபெயர்ப்பிற்குத் துணைபுரிந்த நல்லூர் ஆறுமுக நாவலர், அப்பயிற்சியையே கருவியாகக்கொண்டு 1854-இற் சைவதூஷணபரிகாரம் வெளியிட்டார். கோயிலும் பலியும் தூபதீபமும் விழாவும் யூதர் வேதத்திலேயே விதிக்கப்பட்டிருக்க, அவற்றை எம்பாற் பழித்தல் எற்றுக்கு என்பது அந்நூலின் உயிர்நிலை. 1857-இற் கிறித்தவர் பக்கலிலிருந்து சுப்பிரதீபம் என்னும் மறுப்பு எழுந்தது. யூதர் கிரியைகள் வரவிருந்ததற்கு முன்னடையாளங்கள், கிறித்துவின் பலியோடு முடிந்தன என்பது அவர் வழக்கமான விடை. சரியை கிரியைகளைப் படிகளெனக் கொள்ளும் நமக்கு அவ்விடை விளங்காததன்று. படி ஏறினார்க்கும் படி வேண்டுமென்போம் நாம், வேண்டாவென்பர் அவர். உண்மை வேறுபாடு இதுவே. அதனை ஆராயாமல் இருபாலும், 'நும் நூலில் இல்லையோ, நும் நூலில் இல்லையோ' என்று ஐம்பதாண்டு துண்டுப் பத்திரிகை அச்சிட்டனர். நாவலர்க்கு அது வேண்டியிருந்தது. பழி தூற்றுவார் வாயை அடைத்தல் அக்காலத்து உற்ற கடமை. அவருக்குப்பின் வந்தார் அதனையே தொழிலாகக் கொண்டது வேறு. அவ்வாண்டு 1854-இலேயே, வட்டுக்கோட்டைக் குருமடத்தை நடத்தியிருந்த அமெரிக்கப் பாதிரியார் ஒய்சிங்டன் சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார் என்பதனை நம்மவர் அத்துணை நினைப்பதில்லை.

யாம் தமிழ்ப்பண்டிதராயிருந்த பள்ளியிற் கிறித்தவ ஆசிரியர் ஒருவர் உடனிருந்தார். ஒருநாள் ஒரு மாணவன் அவரை நோக்கி, 'ஐயா, எங்கள் பாட்டி இறந்துபோனார். அவர் நரகத்திற்கா போயிருப்பார்?' என்று வினாவினான். அவர் சிறிது நேரம் வாளாவிருந்து, 'உன் பாட்டியை யான் அறிவேன். என் கடவுள் என்னினும் நன்றாக அறிவார். தீர்ப்பளிக்கும் வேலையை அவர் எனக்குத் தரவில்லை' என்றார். தருக்க நூலார் இதனை விடையென்று கொள்ளார். அம்மாணவன் கொண்டான்.

இத்துணையும் பிறரைப் பற்றிச் சொன்னோம். எம் ஊராகிய கீழக்குயில்குடிக்கு அணித்தே சமணர்மலை நிற்கின்றது. அடிவாரத்துத் தாமரைக் குளமும் ஐயனார் கோயிலும் காண வருவார், செட்டிப்புடவில் உள்ள தீர்த்தங்கரர் உருவங்களையும் பேச்சிப்பள்ளத்து வரிசையையும் கண்டு, 'சமணரை நும்மவர் கழுவேற்றியது மெய்யோ?' என்று வினாவுவதுண்டு. கிறித்தவரும் வினாவுவர். அவ்வமயம் நம்மவர் சிலர் கொதிப்பர், சிலர் பெருமிதங்கொள்வர். இரண்டாவது எமக்கு மிக வருத்தந் தருவது. தெரிந்தது இவ்வளவே: சம்பந்தப் பெருமான் தேவாரத்திற் சமணரோடு வாது உண்டு, கழுவேற்றம் பின்னெழுந்த நூல்களிற் காணப்படுவது. இம்மலையின் வட்டெழுத்துக் கல்வெட்டுக்களோ ஒன்பது பத்தாம் நூற்றாண்டின. குறண்டித் திருக்காட்டாம்பள்ளி மாணாக்கர் செய்வித்த திருமேனிகளை அவை குறிக்கின்றன. பெருமான் காலத்திற்கு இருநூறு முந்நூறு யாண்டு கழித்தும் ஈண்டுச் சமணர் பள்ளிகள் தழைத்திருந்தன என்பது கல் சொல்லும் சான்று. அடியோடு அழிக்கப்பட்டனர் என்பார் கூற்று இதனால் விழும். கொடுமையொன்றும் நிகழவில்லை என்பதற்கு இக்கல் சான்றாகாது; அதனையும் உடன் சொல்லிவிடல் வேண்டும். கேட்டவர் கிறித்தவராயின், 'நும்மவர் கோவாவிற் செய்ததென்னை?' என்று திருப்புதல் எளிது. அவர் கேட்டது இம்மலையைப் பற்றியாதலின், அவ்விடை ஈண்டுப் பொருந்தாது.

பதினால்வர் நிரலிற் கிறித்தவர் இல்லை. அருணந்தியார்க்கு அவர் எதிர்ப்பட்டிலர். எம் இல்லத்துத் திண்ணையில் வியாழன்தோறும் சித்தியார் கேட்கவரும் இளைஞர் ஐவருள் ஒருவனை, நோபிலியார் பக்கம் நின்று பேசுகவென ஏவினோம். பழம்பிறப்பு நினைவைப் பற்றிய அத்தடையை அவன் நன்கு எடுத்து நிறுத்தினான். ஏனையோர்க்கு மருந்து உவமையை யாம் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர்கள் விடைகாண மூன்று வியாழன் கழிந்தன.