கோல் ஊன்றி நடந்தவர்



திருவொற்றியூர் எல்லையைத் தாண்டியதும் தேவாரம் பாடிய சுந்தரருக்கு இரண்டு கண்களும் போயின. பிரியமாட்டேன் என்று மனைவி சங்கிலியாருக்கு மகிழமரத்தடியில் சத்தியம் செய்துவிட்டு, திருவாரூர் நினைவு தாங்காமல் கிளம்பியவர் அவர். இந்தக் கதையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அதற்கடுத்து அவர் என்ன செய்தார் என்பதைத்தான் இன்று பேச வந்தேன். அவர் ஒற்றியூருக்குத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்ளவில்லை. கண் தெரியாமலே, வழியில் எதிர்ப்பட்டவர்களைக் கேட்டுக் கேட்டு நடந்தார்.

திருவெண்பாக்கத்தில் இறைவனிடம் முறையிட்டார். கண் வரவில்லை. ஊன்றிக்கொள்ள ஒரு கோல் வந்தது. சுந்தரர் இறைவனோடு தோழமை பூண்டவர் அல்லவா, கோபம் பொங்கிவிட்டது. அந்தக் கோலை வீசினார், அது பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்தது என்கிறது தலவரலாறு. பூண்டி நீர்த்தேக்கம் கட்டியபோது அவ்வூர்ப் பழைய கோயில் நீருக்குள் போய்விட, கோல் தந்த ஊன்றீஸ்வரரைக் கரையில் புதிதாக எழுந்தருளச் செய்தார்கள். கொம்பொடிந்த நந்தியை இன்றும் அங்கே பார்க்கலாம். அங்குள்ள அம்பாள் மின்னொளி அம்மை. அந்தகராய் நடந்தவருக்கு மின்னலாய் வழிகாட்டியவள் என்பார்கள்.

சிறுநீரகம் செயலிழந்தவர்கள் பலர் இந்தச் சபையில் இருக்கிறீர்கள். டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா என்ற இரத்தக்குழாய் இணைப்புப் போட்டவர்கள், வாரம் மூன்று நாள் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் படுக்கையில் கிடப்பவர்கள், கிரியாட்டினின் ஏறுகிறதே என்று ஒவ்வொரு மாதமும் பயந்தபடி ரிப்போர்ட்டைப் பிரிப்பவர்கள். உங்களுக்காகத்தான் இந்தக் கதையை எடுத்தேன். நீங்கள் கேட்டது கண். வந்திருப்பது கோல். அந்த ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. சுந்தரருக்கே கோபம் வந்ததென்றால் உங்களுக்கு வருவதில் ஒரு தவறும் இல்லை. சுவாமியிடம் தாராளமாகச் சண்டை போடுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சுந்தரர் சத்தியம் மீறியதால் கண் இழந்தார் என்பது புராணம். அதைக் கொண்டுவந்து, "எந்த ஜன்மத்துப் பாவமோ" என்று ஒரு நோயாளியிடம் யாரும் சொல்லாதீர்கள். சிறுநீரகம் கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் நீண்டகாலச் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும்தான். சிலருக்கு அது பரம்பரையாக வருகிறது. வலியில் இருப்பவர் மேல் பழியையும் ஏற்றி வைப்பது ஆன்மீகமே அல்ல.

டயாலிசிஸ் என்ற அந்தக் கோல் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது தெரியுமா? 1943இல், போர் நடுவில், நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் முதல் டயாலிசிஸ் இயந்திரத்தை உருவாக்கினார். ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாக இரத்தக்குழாயைத் திறக்க வேண்டியிருந்ததால், நிரந்தரமாகச் சிறுநீரகம் போனவர்களுக்கு அதை வைத்துப் பல காலம் காக்க முடியவில்லை. 1960இல் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் கையிலேயே நிலையாகப் பொருத்திவைக்கும் குழாய் ஒன்றைச் செய்தார். அதைப் பெற்ற கிளைட் ஷீல்ட்ஸ் என்ற தொழிலாளி பதினொரு ஆண்டுகள் வாழ்ந்தார். அதற்கு முன்பு அவர் நிலையில் இருந்த எவருக்கும் அந்த வழியே கிடையாது. இதை நான் அருள் என்றே சொல்வேன். அது சில நல்ல மனிதர்களின் உழைப்பு வழியாக வந்தது.

ஆகவே கோலை வீசிவிடாதீர்கள். "நன்றாக நடக்கிறேன், இந்த வாரம் டயாலிசிஸ் வேண்டாம்" என்றோ, "ஒரு சூரணம் சாப்பிட்டால் கிட்னி திரும்பிவிடும் என்கிறார்கள்" என்றோ விட்டுவிடக் கூடாது. நடப்பதால் சிறுநீரகம் திரும்பி வராது. நடந்தால் தசை காக்கப்படும், இதயம் வலுப்படும், உறக்கம் வரும், மனம் தெளியும். சிறுநீரகம் போன உடம்பில் தசை சீக்கிரம் கரைகிறது. களைப்பாக இருக்கிறதே என்று படுத்தால் இன்னும் கரைகிறது, அதனால் களைப்பும் கூடுகிறது. இந்தச் சுழலிலிருந்து வெளியே வர உங்கள் கால்கள்தான் வேண்டும்.

எவ்வளவு நடப்பது என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். முதலில் கோயில் உட்பிரகாரம் ஒரு சுற்று போதும். டயாலிசிஸ் முடிந்த அன்று உடம்பு துவண்டு கிடக்கும், அன்று ஓய்வெடுங்கள். சில மையங்களில் டயாலிசிஸ் ஓடும்போதே, முதல் இரண்டு மணி நேரத்துக்குள், படுத்தபடி காலால் மிதிக்கும் சைக்கிளைக் கொடுக்கிறார்கள். உங்கள் மையத்திலும் கேட்டுப் பாருங்கள். ஃபிஸ்டுலா உள்ள கையில் பாரம் தூக்காதீர்கள். நெஞ்சு வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ, தலை சுற்றினாலோ அந்த இடத்திலேயே நின்று உதவி கேளுங்கள்.

பக்தர்களுக்கு இன்னும் சில. சர்க்கரையால் கால் மரத்துப்போனவர்கள் உச்சி வெயிலில் கல்தரையில் வெறுங்காலோடு சுற்ற வேண்டாம். சுட்டது தெரியாமலே கொப்பளம் வந்துவிடும். பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழமும் பேரீச்சையும் இருக்கின்றன, இளநீரிலும் பொட்டாசியம் அதிகம். இரத்தத்தில் அது ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்தில் நிற்கும் குழந்தைக்குக் கொடுத்துவிடுங்கள், சுவாமி குறை சொல்லமாட்டார். நிர்ஜல விரதமும் உங்களுக்கு வேண்டாம். தினமும் அளந்து குடிக்கிறீர்களே ஒவ்வொரு வாய்த் தண்ணீரும், அதைவிடக் கடுமையான விரதம் இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்?

ஏரிஸ் மெரிட் என்று ஓர் அமெரிக்கத் தடகள வீரர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வென்றவர். அடுத்த ஆண்டு சிறுநீரக நோய் தெரிய வந்தது. 2015 ஆகஸ்டில், சிறுநீரகம் இருபது சதவீதம்கூட இயங்காத நிலையில், பெய்ஜிங் உலகப் போட்டியில் ஓடி வெண்கலம் வாங்கினார். நான்கே நாளில் அறுவைச் சிகிச்சை, அக்காவின் சிறுநீரகம். எல்லோரும் தடை தாண்ட வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. நோய் பெயர் தெரிந்த நாளே உடம்பின் கடைசி நாள் ஆகிவிடாது என்பதற்கு அவர் சாட்சி.

சுந்தரருக்கும் இரு கண்ணும் ஒருசேர வரவில்லை. காஞ்சியில் ஏகம்பநாதர் இடக்கண்ணை மட்டும் தந்தார். மீதியையும் தந்தபின் போகிறேன் என்று அவர் அங்கே உட்காரவில்லை. ஒற்றைக்கண்ணோடு ஆவடுதுறை தொழுதார், துருத்தியில் உடற்பிணி நீங்க நீராடினார், வழிநெடுகப் பாடிக்கொண்டே போனார். வலக்கண் ஆரூரில்தான் கிடைத்தது. மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பவர்கள் இந்த நடுப்பயணத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பாட்டெல்லாம் காத்திருந்த காலத்தில் பிறந்தவை.

கூட வந்திருக்கும் உறவினர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பாசத்தால் நோயாளிகளை ஒரு வேலையும் செய்யவிடாமல் வைத்திருக்கிறீர்கள். அம்மா பூக்கட்ட ஆசைப்பட்டால் கட்டட்டும். அப்பா வாசல்வரை போய்ப் பால் வாங்கி வரட்டும். மாலையில் செல்போனை வீட்டில் வைத்துவிட்டு அவரோடு தெருமுனைவரை நடந்து போங்கள், அவர் வேகத்துக்கு நடங்கள். வழியில் மருத்துவச் செலவைப் பேசாதீர்கள். அவருக்குப் பிடித்த பாட்டையோ பழைய ஊர்க்கதையையோ பேசுங்கள்.