யாருடைய மனசு புண்படுகிறது?

மனம் புண்படுவதற்கும் இந்த நாட்டில் ஒரு தகுதி வேண்டியிருக்கிறது. ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடந்தான் என்று ஒருவனை அடித்தால், அடித்தவனுடைய மனம்தான் புண்பட்டதாகக் கணக்கு. அடி வாங்கினவனுக்கு உடம்பு மட்டும்தான் புண். அதற்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து தருகிறார்கள். மனம் என்ற ஒன்று அவனுக்கு இருப்பதாக யாரும் எழுதிவைப்பதில்லை.

2024 நவம்பரில் பாடகி இசைவாணி விஷயத்தில் இதே கணக்கைத்தான் போட்டார்கள். வடசென்னை ராயபுரத்துப் பெண் அவர். சாவு வீட்டிலும் தெருக்கச்சேரியிலும் ஆண்களே பாடிவந்த கானாவைத் தன் குரலில் பாட வந்தவர். பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 2018 சனவரி 6ஆம் தேதி சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடை ஏறியது. அந்தப் பத்தொன்பது பேரில் அவர் ஒருவர்தான் பெண். நம்மைச் சாதியற்றவர்கள் என்று சொல்லிக்கொள்ளச் சொன்ன அயோத்திதாசப் பண்டிதரிடமிருந்து எடுத்த பெயர் அது. ஒருபக்கம் பறை, சட்டி, டோலக். மறுபக்கம் கிட்டார், டிரம்ஸ், ராப். இடஒதுக்கீட்டைப் பாடினார்கள், மாட்டுக்கறியைப் பாடினார்கள். 2020இல் உலகின் நூறு பெண்கள் என்று பிபிசி வெளியிட்ட பட்டியலில் இசைவாணியின் பெயர் இருந்தது.

அந்த மேடையில் அவர் பாடியதுதான் 'ஐ ஆம் சாரி ஐயப்பா'. கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட பெண்ணின் பாட்டு. 2018 செப்டம்பர் 28இல் உச்ச நீதிமன்றம் எல்லா வயதுப் பெண்களும் சபரிமலைக்குப் போகலாம் என்று நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மாதவிடாயைச் சொல்லிப் பெண்ணை விலக்குவது அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு ஒழித்த தீண்டாமையின் இன்னொரு வடிவம் என்று நீதிபதி சந்திரசூட் தன் தனித் தீர்ப்பில் எழுதினார். தலித்துகளாகிய நாம் அடிக்கோடிட வேண்டிய வரி அது. மறு ஆண்டே வழக்கு பெரிய அமர்வுக்குப் போய்விட்டது.

பாட்டு வந்து வருசங்கள் கழித்து, மாலை போடுகிற பருவத்தில் அதைத் தோண்டி எடுத்தார்கள். கைது செய் என்று புகார்கள் போயின. ஆபாச வசவும் மிரட்டலும் தாங்காமல் அவரே காவல்துறையிடம் போக வேண்டிவந்தது. நீலம் விளக்க அறிக்கை வெளியிட்டது. என்றாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாட்டு ஒரு குழுவின் பாட்டு. வசவு மட்டும் ஒரே ஒரு பெண்ணின் உடம்பைக் குறிவைத்து வந்தது.

சரி, பிறர் நம்பிக்கை புண்படப் பாடுவது அறமா? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க எனக்கு மனசில்லை. எங்க தெருவிலும் கார்த்திகை பிறந்தால் மாலை போடுகிறார்கள். மேளமடிக்கிறவர், கல் உடைக்கிறவர், சாக்கடை அள்ளுகிறவர். மற்ற நாளெல்லாம் 'டேய்' என்று கூப்பிடுகிற வாய், நாற்பத்தொரு நாளைக்கு அவரைச் 'சாமி' என்கிறது. அந்த நாற்பத்தொரு நாள் மரியாதையை நான் கேலி பேசமாட்டேன். ஆனால் அந்த மரியாதைக்கு ஏங்கினவனுக்கு, வாசலில் தடுக்கப்பட்டவளின் வலி தெரியாமல் போகலாமா?

புண்படுவது வேறு, இழிவுபடுவது வேறு. புண்பட்டவர் பாட்டை நிறுத்திவிடலாம், எதிர்ப்பாட்டுப் பாடலாம், மறுநாள் அதே கோயிலுக்குப் போய்க் கும்பிடலாம். அவரிடமிருந்து எதுவும் பறிபோகவில்லை. இழிவுபட்டவளுக்கோ வாசலே மூடிக்கிடக்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமல்ல. 1927 டிசம்பர் 25இல் மகத்தில் மனுநூல் எரிந்தபோதும் மனங்கள் புண்பட்டன. அதற்காக பாபாசாகேப் தீக்குச்சியைக் கீழே போட்டிருக்க வேண்டுமா?

"கோயிலே வேண்டாம் என்கிற நமக்கு நுழைவு எதுக்கு?" என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். போகமாட்டேன் என்று நான் முடிவெடுப்பது என் சுதந்திரம். போகக்கூடாது என்று நீ நிறுத்துவது உன் ஆதிக்கம். முன்னது கைக்கு வர வேண்டுமானால் பின்னது ஒழிந்தாக வேண்டும்.

நான் வேலை பார்க்கிற கொல்லிமலைக்கும் பாட்டுக்காரிகளுக்கும் பழைய உறவு உண்டு. புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் காட்டுவது ஒரு முழு இசைக்குழு. விறலி இருக்கிறாள், முழவும் யாழும் தூம்பும் எல்லரியும் ஆகுளியும் பதலையும் இருக்கின்றன. வழியில் கண்ட வேட்டுவன் முன்னால் பாடுகிறார்கள். அவன் இம்மலைத் தலைவன் வல்வில் ஓரி. மான்கறியும் கள்ளும் பொன்னும் கொடுத்து அனுப்புகிறான். கறி தின்று கள் குடித்த அந்தக் கூட்டத்தைத் தமிழின் பெருமை என்று பாடப்புத்தகத்தில் வைக்கிறார்கள். இன்றைக்கு மாட்டுக்கறியைப் பாடுகிற கூட்டத்தை மட்டும் ஏன் சகிக்க முடியவில்லை?

இதே மலையில்தான் கொல்லிப்பாவையும் இருக்கிறாள். சிரித்தே ஆளைக் கொல்லுகிற அந்தப் பாவையைத் தேவர்கள் காவலுக்கு நிறுத்தியதாகக் கதை. காவலுக்கு நின்று சிரித்தால் அவள் அம்மன். கேள்வி கேட்டுச் சிரித்தால் அடங்காதவள். செம்மேட்டில் பிளஸ் டூ படிக்கிற பொண்ணு ஒன்று என்னிடம் கேட்டது: "சாரின்னு சொல்லிட்டுத்தானே சார் பாடுறாங்க, அப்புறமும் ஏன் திட்டுறாங்க?"

"வாசல்லயே நின்னு கேட்டிருந்தா மன்னிச்சிருப்பாங்கம்மா. காலை எடுத்து வெச்சிட்டுக் கேட்டாங்க பாரு, அதான்" என்றேன்.

"அப்ப அது சாரியே இல்ல சார்" என்று சிரித்தது. பிள்ளைக்குப் புரிந்துவிட்டது.

அயர்லாந்துப் பாடகி ஷினேட் ஓ'கானர் 1992 அக்டோபர் 3இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் போப்பின் படத்தைக் கிழித்தார். திருச்சபைக்குள் குழந்தைகளுக்கு நடந்த கொடுமைக்கு எதிரான செயல் அது. இரண்டே வாரத்தில் நியூயார்க் மேடையில் அவரைக் கூச்சல் போட்டுத் தடுத்தார்கள். டப்ளினில் பாதிரிகள் செய்ததும் அதைத் திருச்சபை மூடி மறைத்ததும் 2009இல் அரசு விசாரணை அறிக்கையாகவே வெளிவந்தன. பதினேழு வருசம் அவர் சுமந்த வசவை யார் திருப்பி எடுத்துக்கொண்டார்கள்? புண்பட்டவர்கள் நிறையப் பேர் என்பதால் பாடினவள் தப்பானவள் ஆகிவிடமாட்டாள்.

என் கேள்வி எதிரிகளிடம் இல்லை, கைதட்டினவர்களிடம். மேடைக்கு முன்னால் ஆடினோம், செல்போனில் படம் பிடித்தோம், கூட்டங்களில் போட்டுக்காட்டினோம். பாட்டின் சந்தோசத்தில் பங்கெடுத்தவர்களுக்கு அதன் வசவிலும் பங்கு உண்டு. சாதியற்ற கூட்டு என்று பேர் வைத்துக்கொண்டால் அடியும் கூட்டாகத்தான் விழ வேண்டும். அடுத்தமுறை ஒரு பெண்ணின் பேரைச் சொல்லிப் புகார் போகிறபோது, அந்தப் பாட்டைப் பாடினதும் கேட்டதும் பரப்பினதும் நானும்தான் என்று நாலு பேர் அதே ஸ்டேசன் வாசலில் போய் நிற்கட்டும். அவள் மட்டும் தனியாக நிற்கக் கூடாது.