மைக்கின் செவி

ஹுன்னஸ்கிரிய மலைப் பக்கம் பள்ளத்தாக்கைப் பார்த்துக் கூவினால் மறுகுரல் வருகிறது. மலை நம்மைக் கேட்டுவிட்டது என்று அதை வைத்து யாரும் சொல்வதில்லை. சத்தம் கூடினால் "யாரது?" என்று உரக்கக் கேட்கும் நிரல் ஒன்றைக் கணினியில் எழுதி ஓடவிட்டால் மட்டும், "இது கேட்கிறது" என்று கூசாமல் சொல்லிவிடுகிறோம். நடப்பது என்ன? காற்றின் அதிர்வை மைக் மின்னழுத்தமாக்குகிறது. கணினி அதைப் பெரும்பாலும் நொடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக்குகிறது. எண்களின் வலு, எழுதியவர் வைத்த எல்லையைத் தாண்டியதும் ஒலிபெருக்கி பேசுகிறது. இடியும் நாயும் பிள்ளையின் அழுகையும் அதற்கு ஒரே கணக்கு. தேயிலைத் தோட்டங்களில் ஒரு காலத்தில் பிரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, அழைத்த விடியற்காலைத் தப்பொலி, லயமெனும் வரிசை வீட்டில் படுத்திருந்த தொழிலாளிக்கு வெறும் அளவாகவா இருந்திருக்கும்?

இத்தகைய நிரலை எழுதுகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் வேடிக்கையானது. நிரல் பேசிய பேச்சு அதன் மைக்கிலேயே விழுகிறது. அதையும் சத்தமென்று எடுத்து மறுபடி பேசுகிறது. நிறுத்தும்வரை தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டிருக்கும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சைவ சித்தாந்தி மெய்கண்டார் சிவஞானபோதத்தின் ஐந்தாம் சூத்திரத்தில் சொன்னது இங்கே கண்கூடாகிறது: பொறிகள் உயிரால் இயங்கிப் பொருளை அளந்தறியும், தம்மையும் அறியா, தம்மை இயக்கும் உயிரையும் அறியா. பேசும்போது மைக்கை மூடிவிட்டால், அல்லது தன் குரலைக் கழித்துவிடக் கற்றுக்கொடுத்தால் தீர்ந்ததே என்பார்கள். தீரும், சுற்று நிற்கும். ஆனால் எது தன் குரல் என்று தெரிந்தவர் கழித்தலை எழுதியவரே. இங்கே ஒரு கூர்மையான மறுப்பு எழலாம்: உயிரும் அறிவித்தால் அறிவதுதானே, சைவம் சொல்வதும் அதுதானே? ஆமாம். மெய்கண்டாரும் அதே சூத்திரத்தில் நம்மைப் பொறிகளோடுதான் ஒப்பிடுகிறார். ஆனால் அறிவிக்கப்பட்ட உயிர் தெளியும், ஐயுறும், "அப்படியா?" என்று திருப்பிக் கேட்கும். நிரலுக்கு யாரும் எதையும் அறிவிக்கவில்லை. ஒரு கழித்தல் கணக்கைக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவே.

கண்டிச் சீமையில் இதைச் சொன்னால் பௌத்தர் சும்மா விடமாட்டார். கேட்பவன் என்று தனியே ஒருவன் எதற்கு? செவியும் ஒலியும் கூடினால் கேள்வியறிவு பிறக்கிறது. மைக்கும் ஒலியும் கூடினால் ஏன் பிறக்கக் கூடாது? வலுவான கேள்விதான். ஆனால் மஜ்ஜிம நிகாயத்தின் 28ஆம் சூத்திரத்தில் புத்தரின் சீடர் சாரிபுத்தர் இன்னொன்றையும் சேர்க்கிறார்: செவி பழுதில்லாமல் இருந்து, ஒலியும் எட்டி, அதற்குரிய கவனிப்பு இல்லாவிட்டால் அந்த அறிவு தோன்றாது. எல்லை எண்தான் அந்தக் கவனிப்பு என்று வாதிடலாம். வாசலில் போட்ட தாழ்ப்பாளைக் காவல்காரன் என்பது போலத்தான் அது. ஆன்மா உண்டு, இல்லை என்று பிரிகிற இரு நெறிகளும், அளப்பது மட்டும் கேட்பதாகாது என்பதில் ஒன்றுபடுகின்றன.

சட்டமும் கேட்பவரைத்தான் காக்கிறது. ஒலிபெருக்கி வழக்கொன்றில் 2007இல் இலங்கை உயர் நீதிமன்றம், எவரையும் வலுக்கட்டாயமாகக் கேட்கவைக்கக் கூடாது என்று கருதி, பொதுவாக இரவு 10 முதல் காலை 6 வரை அனுமதியை மறுத்தது. செவிக்கு இமை இல்லாததால் வந்த தீர்ப்பு அது. மைக்குக்கு அப்படியொரு காப்பு வேண்டியதில்லை. நள்ளிரவில் இடி முழங்க, இந்த நிரல் பெருங்குரலெடுத்து அயல் லயத்தை எழுப்பினால், முறைப்பாடு கணினியின் பேரில் எழுதப்படாது; எல்லை எண்ணைத் தட்டியவர் பேரில்தான்.