சத்தியம் வாங்கினால் போதுமா?

பதிகளிலும் நிழல் தாங்கல்களிலும் பணிவிடை செய்கிறவர்கள் அடிக்கடி காண்கிற காரியம் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்பு முடிந்து கூட்டம் கலைகிற நேரத்தில், ஒரு தாயாரோ மனைவியோ குடிக்கிற ஆளைக் கையைப் பிடித்து அழைத்து வருவார்கள். "பள்ளியறைக்கு முன்னால நிறுத்தி இவன்கிட்ட ஒரு சத்தியம் வாங்கித் தாருங்க" என்று கேட்பார்கள். அவனும் நாமம் இட்டு, பதம் வாங்கிக் குடித்து, "இனிமேல் தொடமாட்டேன்" என்பான். அந்த நேரத்தில் அவன் பொய் சொல்லவில்லை, மனதாரத்தான் சொல்லுகிறான். ஆனாலும் நாலாம் நாளோ பத்தாம் நாளோ அந்தச் சத்தியம் உடைந்து போகிறது. அதன் பிறகு தாங்கல் இருக்கிற தெருவிலேயே அவன் நடப்பதில்லை. அய்யாவிடம் சொன்ன சொல் தவறியவன் என்று தன்னைத் தானே ஒதுக்கிக்கொள்கிறான். குடியை விட வந்தவன் பதியை விட்டுவிடுகிறான்.

ஆகவே நாம் கேட்டுப் பார்க்கவேண்டிய கேள்வி இது. சத்தியம் வாங்கிக் கொடுத்ததோடு நம்முடைய தர்மம் முடிந்துவிட்டதா?

"குடிக்கிறது அவன் கை. விடவேண்டியதும் அவன்தானே. நாம் என்ன செய்ய முடியும்?" என்று சிலர் சொல்வார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதி உடம்பைப் பற்றியது. மது நரம்புகளை மந்தப்படுத்தும். பல ஆண்டுகள் தினமும் குடிக்கிறவனின் உடம்பு, அதை ஈடுகட்ட நரம்புகளின் வேகத்தைக் கூட்டிப் பழகிவிடுகிறது. திடீரென்று மதுவை நிறுத்தினால் அந்த வேகம் மட்டும் தனியே நிற்கிறது. சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலர் இல்லாததைக் கண்டு பிதற்றுவார்கள். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம்.

இதை நாம் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். சத்தியத்தை மீறுகிறவனுக்கு மட்டும் அல்ல, முற்றிய குடிகாரன் ஒருவன் சத்தியத்தைக் காப்பாற்றி வீட்டில் தனியே படுத்துக் கிடந்தாலும் அவனுக்கு ஆபத்து உண்டு. வலிப்பும் பிதற்றலும் வந்தால் "பேய் பிடித்துவிட்டது, செய்வினை" என்று ஓடுகிற வீடுகள் இன்றும் இருக்கின்றன. பேய்ப் பயத்தை நம்மிடமிருந்து நீக்கியவர் அய்யா. அவர் பிள்ளைகள் அந்தப் பயத்துக்குத் திரும்பலாமா? அது நரம்பின் கோளாறு. மருத்துவமனையில் ஒரு வாரம் போல வைத்து, நடுக்கத்துக்கு மருந்து கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். பி1 சத்து ஊசியும் போடுவார்கள். அதற்குப் பிறகு மனநல மருத்துவர் தொடர்ந்து பார்ப்பார். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது.

இங்கே பக்தர்கள் ஒரு நியாயமான சந்தேகம் கேட்பார்கள். "அய்யா தண்ணீரும் மண்ணும் கொடுத்தே நோய் தீர்த்தார். அவரை நம்புகிறவன் ஆஸ்பத்திரிக்குப் போனால் நம்பிக்கைக் குறைவு ஆகாதா?" பாம்பு கடித்தவனையும் பனையிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவனையும் நாம் எங்கே தூக்கிக்கொண்டு ஓடுகிறோம்? நாமமும் இடுகிறோம், வண்டியும் பிடிக்கிறோம். அங்கே யாரும் நம்பிக்கைக் குறைவு என்று பேசுவதில்லை. குடிக்கு மட்டும் ஆஸ்பத்திரி வேண்டாம் என்று தடுப்பது நம்பிக்கை அல்ல, வெட்கம். "ஊர் என்ன சொல்லும், பிள்ளைக்குப் பெண் கிடைக்குமா" என்கிற வெட்கம். அந்த வெட்கத்துக்கு நம்பிக்கை என்று பெயர் வைக்கக் கூடாது.

"நோய் என்று சொல்லிவிட்டால் அவனுக்குப் பொறுப்பே இல்லையா?" என்றும் கேட்கலாம். சர்க்கரை நோயை யாரும் விரும்பி வாங்குவதில்லை. ஆனாலும் மாத்திரை போடுவதும் வாயைக் கட்டுவதும் நோயாளியின் கடமை. அதுபோலத்தான் இதுவும். தனியே விடமுடியாமல் போனது அவன் குற்றம் அல்ல. உதவி கிடைக்கிற இடம் தெரிந்தும் போகாமல் இருந்தால் அது அவன் பொறுப்பு. உதவி இருக்கிற இடத்தைக் காட்டாமல் இருந்தால் அது நம் பொறுப்பு.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். "அவருக்குத் தெரியாமலே குடியை மறக்கச் செய்யலாம்" என்ற விளம்பரத்தைப் பார்த்துச் சில வீட்டில் குழம்பில் மருந்து கலந்து கொடுக்கிறார்கள். நல்லதுக்காகத்தானே என்பார்கள். மதுவோடு சேர்ந்தால் நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கி, உயிருக்கே ஆபத்தாகிற மருந்துகள் உண்டு. மருத்துவர் அவற்றைக் கொடுப்பதானால் குடிக்கிறவருக்கு விவரம் சொல்லி, அவர் சம்மதித்த பிறகே கொடுப்பார். ஆபத்து ஒரு பக்கம் இருக்கட்டும். நம் பள்ளியறையில் அய்யா கண்ணாடியை வைத்தது எதற்காக? ஒவ்வொருவனும் தன்னைத் தானே காணவேண்டும் என்பதற்காக. ஒருவனை ஏமாற்றித் திருத்துவது அவன் கண்ணாடியைத் துணியால் மூடுவதற்குச் சமம். தன் நிலையைத் தானே கண்டு, "எனக்கு உதவி வேண்டும்" என்று அவன் வாயால் சொல்லுகிற நாளில்தான் மாற்றம் தொடங்குகிறது.

அந்தச் சொல் அவன் வாயில் வரவேண்டுமானால் நாம் அவனைக் கேவலப்படுத்தக் கூடாது. தலையில் துணி கட்ட உரிமை மறுக்கப்பட்ட மக்களைத் தலைப்பாகையோடு தம் முன் நிற்கச் சொன்னவர் அய்யா. நாலுபேர் முன்னிலையில் "குடிகாரப் பயல்" என்று சொல்லும்போது அந்தத் தலைப்பாகையை நாம்தான் கழற்றுகிறோம்.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகு என்ன? அங்கேதான் நம் வேலை தொடங்குகிறது. துவையல் தவசை நினைத்துப் பாருங்கள். அய்யா எழுநூறு குடும்பத்தாரை வாகைப்பதிக்கு அனுப்பினார். "சுத்தமாக இருப்போம்" என்று ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டு அவரவர் வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. கூட்டமாக இருந்து, நாள்தோறும் துவைத்து, குளித்து, ஒன்றாகப் பொங்கி உண்டு பழக வைத்தார். பழக்கத்தைப் பழக்கத்தால்தான் மாற்ற முடியும், அதுவும் துணையோடுதான் முடியும் என்பது அதில் நமக்குப் பாடம்.

பனையேறும் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரே பாளை, ஒரே சாறு. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் அக்கானி, தடவாவிட்டால் கள். நேற்றுத் தடவியது இன்றைக்கு உதவாது. ஒவ்வொரு நாளும் புதிதாகத் தடவ வேண்டும். குடியை விட்டவனுக்கும் அப்படியே. அவனுக்கு ஆயுள் முழுவதற்கும் ஒரு சத்தியம் வேண்டாம். இன்றைக்கு ஒரு நாள் என்பதே போதும்.

1935-ல் அமெரிக்காவில் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற மருத்துவரும் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களும் இந்த ஒரு நாள் கணக்கில்தான் நடக்கின்றன. இரண்டு பேரும் குடியில் விழுந்தவர்கள். இன்னொரு குடிகாரனுக்கு உதவினால்தான் தான் குடிக்காமல் இருக்க முடிகிறது என்று கண்டவர்கள். தமிழ்நாட்டிலும் இக்கூட்டங்கள் கட்டணம் இல்லாமல் நடக்கின்றன.

நம் தாங்கல்களில் செய்யக்கூடியது என்ன? சாயங்காலம் கடை திறந்திருக்கிற நேரம் அவனுக்குக் கெட்ட நேரம். அந்த நேரத்தில் விளக்கு ஏற்ற, கிணற்றில் தண்ணீர் இறைக்க, அன்னதர்மத்துக்குக் காய் வெட்ட அவனைக் கூப்பிடுவோம். சம்பள நாளில் ஒருவர் கூடவே வீடுவரை போவோம். மருத்துவர் வரச்சொன்ன நாளில் துணைக்குப் போவோம். மறுபடி குடித்துவிட்டான் என்று கேள்விப்பட்டால், மறுநாள் தெளிந்திருக்கும்போது வீட்டுக்கே போய், "வா மக்கா, இன்னைக்கு முதல் நாள்" என்று கூப்பிடுவோம். கீழே கிடக்கிறவனைத் தூக்கி நிறுத்துவதே தர்மம் என்று படித்திருக்கிறோம். எத்தனை தடவை என்று அதில் கணக்கு இல்லை.

அதே நேரம் அவன் மனைவி மக்களை மறக்கக் கூடாது. பொறுமை பெரிது என்பது அய்யாவின் உபதேசம். அதை எடுத்துக்காட்டி, அடி வாங்குகிற பெண்ணிடம் இன்னும் பொறுத்துப் போ என்று சொல்வது தர்மம் ஆகாது. அவளுக்கும் பிள்ளைகளுக்கும் முதலில் பாதுகாப்பு வேண்டும். பெண்களுக்கான உதவி எண் 181. போதையிலிருந்து மீள ஆலோசனைக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416, தமிழக அரசின் மருத்துவ ஆலோசனைக்கு 104. இவற்றை ஒரு தாளில் பெரிதாக எழுதி, தாங்கல் வாசலில் எல்லாரும் செருப்புக் கழற்றுகிற இடத்தில் ஒட்டி வையுங்கள். கேட்க வெட்கப்படுகிறவர்கள் பார்த்துக் குறித்துக்கொண்டு போவார்கள்.

இனி ஒரு தாய் மகனோடு வந்து சத்தியம் வாங்கித் தரச் சொன்னால், நாமம் இடுவோம், பதம் கொடுப்போம். அவனிடம் சத்தியம் கேட்பதற்கு முன்னால் நாம் ஒரு வாக்குக் கொடுப்போம்: "நாளைக்குக் காலையில் ஆஸ்பத்திரிக்கு நானும் உன்கூட வருகிறேன்."

அய்யா உண்டு.