யாருடைய குழந்தை?

சின்னாளபட்டியில் எனக்கு ஒரு நெசவாளி நண்பர் உண்டு. வைகாசி கடைசியில், பள்ளிக்கூடங்கள் திறக்க ஒரு வாரம் இருக்கையில் வந்தார். "பையனை எங்கே சேர்க்கலாம், ஸார்? நீங்கள் நாலும் தெரிந்தவர்" என்றார். கல்லூரியில் இரண்டே வருஷம் இருந்துவிட்டு வெளியேறியவன் நான். ஆனாலும் உபதேசம் செய்யச் சந்தர்ப்பம் கிடைத்தால் கதை எழுதுகிறவன் விடுவானா?

அவர் ஊரை ஒட்டியே காந்திகிராமம் இருக்கிறது. டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கியது. டி.வி.எஸ். நிறுவனரின் மகள் அந்த அம்மாள். டெல்லியில் வைத்தியம் படித்தவர். இளம் வயதில் கணவரை இழந்து, பிறகு ஜாதி பார்க்காமல் மறுமணம் செய்துகொண்டு, சிறுமலை அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தார். 1956-இல் அங்கே கிராமியக் கல்வி நிலையம் ஏற்பட்டது; 1976-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, 1937-இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்விக்குத் தாவினேன். நூற்ற நூலை அளந்து கணக்கு, பஞ்சு விளையும் மண்ணைக் கொண்டு பூகோளம், கைவேலையின் மூலமே எல்லாப் படிப்பும். நன்றாகத்தான் பேசினேன்.

நண்பர் பொறுமையாகக் கேட்டார். "தறி எங்கள் வீட்டிலேயே கிடக்கிறது, ஸார். பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில்தான் தூங்குகிறான். வீட்டில் இல்லாததை அல்லவா பள்ளிக்கூடத்தில் சொல்லித்தர வேண்டும்?" என்றவர், சற்றுத் தயங்கி, "உங்கள் பாப்பா எங்கே படிக்கிறது?" என்றார்.

என் பெண் திண்டுக்கல்லில் ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் ஞாபகத்துக்கு வந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் தினம் மூன்று மணி நேரம். மிச்சப் பொழுதில் தகப்பன் தொழில். இருக்கிற பள்ளிகளில் அதிகப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் உபாயம் அது என்று வாதித்தார்கள். இருக்கலாம். ஜனங்கள் அதைக் குலக்கல்வி என்றார்கள். 1954-இல் காமராஜ் முதல்வரானதும் கைவிடப்பட்டது.

காந்தியின் திட்டம் வேறு என்றே இத்தனை நாளும் நம்பியிருந்தேன். வேறுதான். அதில் வக்கீல் மகனும் கதர் நூற்க வேண்டும். நெசவாளி மகனும் நூற்க வேண்டும். எல்லோருக்கும் என்ற அந்த ஒரு நிபந்தனைதான் அதற்கு உயிர். என் பெண்ணை வானில் ஏற்றிவிட்டு அவர் பையனுக்கு மட்டும் நான் சிபாரிசு செய்த நிமிஷத்தில், அது ராஜாஜி திட்டமாகிவிட்டது. கெட்ட எண்ணம் எதுவும் எனக்கு இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

அப்படியானால், கொள்கைக்காக என் பெண்ணைக் கொண்டுபோய் விட்டிருக்க வேண்டுமா? சௌந்தரம் அம்மாள் துறந்தது தன்னுடைய சௌகரியத்தை. அது அவருடையது, துறக்க உரிமை இருந்தது. குழந்தையின் வாய்ப்பு என்னுடைய சொத்தா? இந்த இடத்தில் என் யோசனை நின்றுவிடுகிறது. ஆனால் அதே கேள்வியை நண்பர் பையனைப் பற்றி நான் ஏன் முன்னமே கேட்டுக்கொள்ளவில்லை?

மறுநாள் அவரைத் தேடிப் போனேன். தறிக் குழியில் உட்கார்ந்திருந்தார். என் பெண் படிக்கும் பள்ளிக்கூடத்தில் ஃபீஸ் எவ்வளவு, வானுக்கு எவ்வளவு என்று சொன்னேன். நேற்று அவருக்கு வேண்டியிருந்த தகவல் அவ்வளவுதான்.

அவர் நாடாவைக் கீழே வைத்துவிட்டு, எத்தனை சேலை என்று விரல் மடக்கி எண்ண ஆரம்பித்தார்.